தாளில் மட்டும் ஓடிய ஏசி

பரவையில் எதற்கு ஹீட்டர் என்று கேட்டு தையல் கம்பெனி முதலாளி எனக்கு போன் செய்தது ஒரு மார்ச் மாதக் காலையில். மதுரை கே.கே. நகரில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் முன்னறைதான் என் அலுவலகம். காலை பத்து மணிக்கே ஜன்னல் கம்பியைத் தொட முடியாத அளவுக்கு வெயில் ஏறியிருந்தது. அவர் குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது. முதல் நாள் நான் அனுப்பிய அறிக்கையை மகனை விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு வரியில் சூடேற்றும் கருவி என்று இருந்திருக்கிறது.

"ஏம்மா, நம்ம ஊர்ல ஹீட்டர் போட்டா வேலைக்கு வார ஆளுக நெலம என்ன ஆகும்?"

அது வாங்க வேண்டியது இல்லை சார், தாளில் மட்டும்தான் இருக்கும் என்று சொன்னேன். அப்புறம் அரை மணி நேரம் விளக்கினேன்.

திண்டுக்கல் ரோட்டில், பரவையைத் தாண்டி, ஹோட்டல்களுக்கு வேண்டிய படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைக்கிற கம்பெனி அவருடையது. அப்பா காலம் வரைக்கும் வயலும் தென்னந்தோப்புமாக இருந்த குடும்பம். இவர் தலையெடுத்த பிறகு தையல் மெஷின்களுக்கு மாறினார். பழைய ஷெட் போதவில்லை என்று பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழுப்பத் தொடங்கியிருந்தார். பசுமைக் கட்டடச் சான்றிதழ் இருந்தால் கூடுதல் ஆர்டர் தருவதாகச் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சொன்னதால் என்னைத் தேடி வந்தார்.

என் வேலை இதுதான். ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே, அது வருடம் முழுக்க எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வேன். வழக்கமான கட்டடத்தைவிட இது எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்பதை வைத்துச் சான்றிதழுக்கு மார்க் போடுவார்கள். ஒப்பிடுவதற்கு வழக்கமான கட்டடம் ஒன்று வேண்டுமே. அதையும் கணினிக்குள் நான்தான் கட்ட வேண்டும். அதே அளவு, அதே ஊர், அதே வெயில், ஆனால் விசேஷமாக எதுவும் செய்யாத ஒரு கட்டடம். அதை பேஸ்லைன் என்போம்.

அந்தக் கற்பனைக் கட்டடத்துக்கு எந்த ஏசி வைப்பது என்பதை என் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. விதிப் புத்தகத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. என்ன வகைக் கட்டடம், எத்தனை மாடி, எத்தனை சதுர அடி, எப்படிப்பட்ட வெயில் குளிர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கட்டத்தில் விரல் நிற்கும். அந்தக் கட்டத்தில் உள்ள கருவியைத்தான் வைக்க வேண்டும். இவருடைய கட்டடத்துக்கு விரல் நின்ற இடத்தில், குளிரவும் வைக்கும் சூடும் ஏற்றும் கருவி ஒன்று இருந்தது. உலகம் முழுமைக்கும் எழுதிய புத்தகம் அது. மதுரைக்கென்று தனிப் பக்கம் கிடையாது. ஹீட்டர் வந்தது அப்படித்தான்.

"அப்ப தாள்ல உள்ளதெல்லாம் நாம வாங்க வேண்டியதில்ல, அப்பிடித்தானே?" என்று கடைசியாகக் கேட்டார்.

"ஆமா சார். ஒப்பிட்டுப் பாக்கறதுக்குத்தான்."

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. எனக்கும்.

அந்த ஒரு கட்டத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு முழு நாட்கள் போயிருந்தன. கேன்டீன் ஷெட்டின் பரப்பைச் சேர்த்தால் ஒரு கருவி, சேர்க்காவிட்டால் வேறு கருவி. முன்பக்க ஆபீசுக்கு மேல் சாமான் போட்டு வைக்கிற பரணை மாடி என்று எண்ணுவதா வேண்டாமா என்று இன்னொரு குழப்பம். இரண்டு நாளும் நான் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு போன் போட்டு விவாதித்தேன். என் வேலையில் நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு உண்டு. பரவைக்கு இரண்டு ஊர் தள்ளி, நாள் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் இருந்து இன்ஜினியரிங் படித்து வந்தவள் நான். ஒரு கட்டத்தைத் தப்பாக எடுத்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பிடிவாதமும் உண்டு.

தையல் ஹால் விஷயத்தில் எனக்குக் குழப்பமே வரவில்லை. ஹாலுக்கு ஏசி கிடையாது என்பது வரைபடத்திலேயே இருந்தது. ஆபீஸ், மீட்டிங் ரூம், சாம்பிள் வைக்கும் அறை, இவற்றுக்கு மட்டும்தான் ஏசி. ஆனால் ஆட்கள் நாள் முழுக்க இருந்து வேலை பார்க்கிற இடத்துக்கு, நிஜத்தில் கருவி போடாவிட்டாலும் போட்டதாகவே கணக்கில் காட்ட வேண்டும். கற்பனைக் கட்டடத்திலும் காட்ட வேண்டும், நிஜக் கட்டடத்திலும் காட்ட வேண்டும். ஆட்களைப் புழுக்கத்தில் விட்டுவிட்டு, பாருங்கள் மின்சாரம் மிச்சம் பிடித்தோம் என்று யாரும் மார்க் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதிய விதி. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். அதன்படி தையல் ஹாலில் ஒரு கருவியை வைத்து, இருபத்துநான்கு டிகிரி என்று அடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஹால் கூரைக்கு அடியில் வெப்பம் இறங்காமல் தடுக்கப் பஞ்சுப் பலகை போட்டால் இன்னும் இரண்டு மார்க் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இருக்கிற மார்க்கே சான்றிதழுக்குப் போதுமே என்று முதலாளி விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் மதினி வீட்டுக்கு வந்தார். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. ஊரில் இருந்து கம்பெனி வேனில் தினமும் வேலைக்குப் போகிறவர். எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டியதில்லை. அதே முதலாளியின் பழைய ஷெட்டில் ஆறு வருடமாக அயர்ன் மேசையில் நிற்கிறார். அன்றைக்கு மகனுக்குப் பல் வலி என்று எங்கள் தெருமுனை டாக்டரிடம் காட்ட வந்தவர், வெயில் தாழட்டும் என்று என் அறையில் உட்கார்ந்தார். கணினித் திரையில் கட்டடம் விரிந்திருந்தது. குளிர்ந்த அறைகளை நீலத்திலும் மற்றவற்றை ஆரஞ்சிலும் காட்டும் படம் அது. தையல் ஹால் முழுக்க நீலமாக இருந்தது.

"இதுதான் எங்க புது பில்டிங்கா?" என்று மதினி பக்கத்தில் வந்து பார்த்தார். பெரிய அறையைத் தொட்டு, இது எங்கள் ஹாலா என்று கேட்டார். ஆமா என்றேன். நீலம் என்றால் என்ன என்று கேட்டார். ஏசி என்றேன்.

"ஹாலுக்கா?"

"ஆமா மதினி. இருபத்துநாலு."

அப்படித்தான் சொன்னேன். ஒரு பக்கம் போனில் யாருக்கோ பதில் அடித்துக்கொண்டே சொன்னேன். கணக்குக்காக வைத்தது, நிஜத்தில் கிடையாது என்று அடுத்த வரியைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கட்டடம் எனக்குத் திரையில் இருந்ததுதான். மதினி கேட்டது வேறு கட்டடத்தைப் பற்றி என்பது என் மண்டையில் ஏறவில்லை. மதினி அந்த நீலத்தையே பார்த்தபடி நின்று, விரலால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுவருடம் தை மாதம் கட்டடம் திறந்தார்கள். அந்தச் சமயம் நான் கோயம்புத்தூரில் ஒரு வேலையில் இருந்ததால் போக முடியவில்லை. பங்குனியில் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது மதினி சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு போட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு நாள் தங்காமல் அன்றைக்கே நான் கிளம்புவதில் வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் கடைசிக் கட்ட வேலைக்காக நானே நேரில் போக வேண்டியிருந்தது. வரைபடத்தில் உள்ளபடிதான் விளக்கும் மெஷினும் மாட்டியிருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மதியம் இரண்டரை மணி. ஆபீஸ் பக்கம் குளுகுளுவென்று இருந்தது. மேனேஜர் மோர் வாங்கிக் கொடுத்தார். விளக்குகளை எண்ணிவிட்டு, நடுவில் உள்ள கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹால் பக்கம் போனேன்.

அனல் முகத்தில் வந்து அறைந்தது. அடுப்பில் இருக்கும் இட்லிச் சட்டியைத் திறக்கும்போது வருமே, அதே மாதிரி ஈரமான அனல். மேலே வெறும் தகரக் கூரை. அதற்குக் கீழே வரிசையாக மின்விசிறிகள், சூட்டை எடுத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தன. நான் பையில் இருந்த அளவுகருவியை எடுத்தேன். வெளிச்சத்தை அளக்க வைத்திருப்பது, வெப்பத்தையும் காட்டும். முப்பத்தொன்பதைத் தாண்டி நின்றது. கருவி பழுதாகியிருக்கும் என்று அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே எண்தான்.

அப்போதுதான் கதவுப் பக்கச் சுவரைப் பார்த்தேன். தீப்பிடித்தால் வெளியேறும் வழி போட்ட படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடித் தாள் ஒட்டிய ஒரு பக்கம் தொங்கியது. என் அறிக்கையின் பக்கம். தையல் ஹால், குளிர்ச்சி, 24 டிகிரி என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே என் கையெழுத்து.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. அந்த வரி நான் அடித்ததுதான். ஆனால் அது இங்கே, இந்த அனலில், ஒரு சுவரில் இருக்க முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மெஷின் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

யாரோ என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள் போல. ஒரு மெஷினில் இருந்து அடுத்த மெஷினுக்குப் பேச்சு போயிற்று. சிரிப்பும் கேட்டது. "ஏசிக்காரம்மா வந்துருக்காக," என்று ஒரு குரல் சொன்னது. கடைசியில், அயர்ன் மேசைகள் இருக்கும் பக்கம், மதினி தோளில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி அவரைச் சுற்றி எழுந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவரைப் பார்க்கப் போனேன். அயர்ன் மேசைகளுக்குப் பின்னால், என் வரைபடத்தில் துணி அடுக்கும் இடம் என்று இருந்த மூலையில், இரண்டு பாய் விரித்திருந்தது. ஒரு பாயில் ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடமும் எலுமிச்சம்பழம் போட்ட ஒரு தட்டும் இருந்தன. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். மேசையில் நின்ற இன்னொரு பெண், அதெல்லாம் இல்லை, தலை சுற்றினால் மாற்றி மாற்றிப் படுத்து எழுந்திருப்போம், கால் மணி நேரம் தருவார்கள் என்றாள். பஸ் வரும் நேரத்தைச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

மதினி அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பின்கதவுக்கு வெளியே கூட்டிப் போனார். வெளியே வெயில்தான், இருந்தாலும் உள்ளே இருந்ததைவிடத் தேவலை.

"நாந்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். என் நாத்தனாதான் அந்த பில்டிங்க கம்ப்யூட்டர்ல கட்டுறா, ஹாலு பூராம் ஏசி, நானே கண்ணால பாத்தேன்னு சொன்னேன். ரெண்டு பேரு வேற கம்பெனிக்குப் போக இருந்தவக. என் பேச்சக் கேட்டு நின்னுட்டாக."

மதினி ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய ஷெட்டாச்சும் ஓடு போட்டது. பக்கத்துல வேப்பமரம் நின்னுச்சு. இது அதவிட எம்புட்டோ மோசம்."

ஏன் மதினி என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று புரிந்தது. மதினி கோபப்படவில்லை. சுவரில் தாள் வேறு ஒட்டியிருந்ததால், ஒருவேளை மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள், இன்னும் ஓட விடவில்லை போல என்று கொஞ்ச நாள் நினைத்தாராம். அப்புறம் கேட்க மனசு வரவில்லை என்றார். உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள், வேலைக்குப் போய்விட்டார்.

மேனேஜரிடம் போய் அந்தத் தாளை ஏன் ஒட்டினீர்கள் என்று கேட்டேன். எங்கள் இருவரில் அவர்தான் அதிகம் திகைத்தார். துணி வாங்குகிற கம்பெனியில் இருந்து ஆள் பார்வைக்கு வரப்போகிறார், வேலை செய்யும் இடத்தில் வெப்பம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார், அறிக்கையில் உள்ளதைத்தானே மேடம் போட்டோம் என்றார். முத்திரையோடு இன்னொரு பிரதி தர முடியுமா என்று வேறு கேட்டார். அவர் ஏமாற்றுகிறாரா, நிஜமாகவே நம்புகிறாரா என்று எனக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. தாளை எடுக்கச் சொன்னேன். முதலாளி சொல்லாமல் எடுக்க முடியாது என்றார். முதலாளி அன்றைக்கு ஊரில் இல்லை.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். ஹாலில் நான் வைத்த கற்பனைக் கருவியை எடுத்துவிட்டு, கட்டடம் உள்ளது உள்ளபடி வருடம் முழுக்க எப்படி இருக்கும் என்று ஓடவிட்டேன். பத்து நிமிஷத்தில் முடிவு வந்தது. சித்திரை வைகாசியில் வேலை நேரத்தின் பெரும் பகுதி முப்பத்தைந்துக்கு மேல். அயர்ன் மேசைப் பக்கம் மதியத்தில் முப்பத்தொன்பது, நாற்பது. ஐப்பசி கார்த்திகையில் மட்டும்தான் பரவாயில்லை. மதியம் என் கருவி காட்டியதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. என் கணக்கு இவ்வளவு துல்லியமானது என்று வேறு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அன்றைக்கு அதைத் தாளில் அச்செடுத்து வைத்தேன். இந்த விடை அந்தக் கோப்புக்குள் ஒரு வருடமாக இருந்திருக்கிறது. புத்தகம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை.

முதலாளி திரும்பி வந்த மறுநாள், 24 டிகிரி போட்ட பக்கத்தின் பிரதி, புதுக் கணக்கு என்று இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் நீங்க போட்டதுதானேம்மா? இதுல எது நெசம்?"

"இந்த முப்பத்தொம்பதுதான் சார். அந்தத் தாள்ல உள்ள ஏசி ஹீட்டர் மாதிரிதான். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு வச்சது."

"ஹீட்டர் கதைய அரை மணி நேரம் சொன்னீக. இதச் சொல்லலையே."

அவர் முப்பத்தொன்பது போட்ட தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இத எடுக்க எம்புட்டு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம் சார்."

"கூரை போடுறதுக்கு முன்னாடி அந்தப் பத்து நிமிஷம் உங்களுக்குக் கெடைக்கலையா?"

கூரைக்குப் பஞ்சுப் பலகை போடச் சொல்லி எழுதியிருந்தேனே என்று மட்டும் சொன்னேன். அவர் பழைய அறிக்கையை மேசை இழுப்பறையில் இருந்து எடுத்து அந்த வரியைத் தேடினார். கண்டுபிடித்து மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்துவிட்டு, மார்க்குக்காக என்றுதான் எழுதியிருக்கிறது அப்பா, ஆட்களைப் பற்றி ஒன்றும் இல்லை என்றான் அவன்.

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விடவில்லை. சித்திரை மாதத்தில் தகரத்துக்கு அடியில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு என் கணினி தேவையில்லை. வயலில் நின்று வளர்ந்தவர் அவர். அதையும் சொன்னேன். இரண்டரை மணிக்கு என்னோடு ஹாலுக்கு வாருங்கள், அயர்ன் மேசைப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள் என்றேன். மகன் என்னை முறைத்தான். முதலாளி எழுந்து வந்தார்.

அங்கே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் ஹாலுக்கு வருவதில்லையாம், காலையில் ஒரு சுற்று வருவதோடு சரி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூலையில் பாயைப் பார்த்தார். அது எதற்கு என்று யாரையும் கேட்கவில்லை, படுத்திருந்த பெண்ணைப் பார்த்ததும் விளங்கியிருக்கும். எழுந்து போகும்போது சுவரில் இருந்த தாளைத் தன் கையாலேயே பிய்த்து எடுத்தார். ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

அந்த வாரத்திலேயே ஆட்கள் வந்து அளவெடுத்தார்கள். ஹால் முழுக்க ஏசி போட இந்தக் கம்பெனியால் முடியாது என்று முதலாளி நேரடியாகச் சொல்லிவிட்டார். என்னென்ன செய்யலாம் என்று நான் ஒவ்வொன்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னேன். இந்த முறை மார்க்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி அயிரை மீன் அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தப்பு என்னுடையதுதான் மதினி என்றேன். அவர் மீனைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினார்.

"என்கிட்ட சொல்லி என்னத்தா ஆகப்போகுது. நான் பொய் சொல்லிட்டேன்னு அங்க நாப்பது பேரு நெனச்சுக்கிட்டு இருக்காக. அவுககிட்ட வந்து சொல்லு."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்பது பேர் முன்னால் நின்று சொல்வதை நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் ஷெட்டில் போய் நின்றேன். தூக்குவாளிகளைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மதினி கடைசி வரிசையில் இருந்தார். ஹாலுக்கு ஏசி வருகிறது என்று அவர் சொன்னது பொய் இல்லை, நான் சொன்னதைத்தான் சொன்னார், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். கணக்குப் போடுவதற்காகக் கணினியில் ஒரு ஏசியை வைத்தோம், அது நிஜத்தில் கிடையாது என்றேன். அதற்கு மேல் விளக்க முயன்று, எனக்கே கேட்கச் சகிக்காமல் நிறுத்திவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, ஐம்பது வயசு இருக்கும், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டர் பில்டிங்ல நாங்க இருந்தமா, ஆத்தா?"

இருந்தார்கள். அதுதான் உண்மை. ஹாலில் எத்தனை பேர் என்று நான் போட்டிருந்தேன். எதற்காகப் போடுவோம் என்றால், ஒரு ஆளின் உடம்பில் இருந்து இவ்வளவு சூடு வெளியே வரும், அதையும் சேர்த்துக் குளிர வைக்கக் கருவிக்கு இவ்வளவு மின்சாரம் ஆகும் என்று கணக்கிடுவதற்காக. மெஷினுக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. வேறு எதற்காகவும் அவர்கள் அதில் இல்லை. இதை அந்த அக்காவிடம் சொன்னேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"சூடு நாங்க குடுக்குறமா?" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு மற்றவர்களுக்கும் பரவியது. நான் சிரிக்கவில்லை. மதினியும் சிரிக்கவில்லை, ஆனால் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஆடி மாதம் ஆர்டர் குறைவாக இருந்த நேரத்தில் கூரைக்கு அடியில் பஞ்சுப் பலகை அடித்தார்கள். அயர்ன் மேசைகளை வடக்குச் சுவர்ப் பக்கம் மாற்றி, ஆவியை வெளியே இழுக்கும் விசிறிகள் வைத்தார்கள். நனைந்த பட்டை வழியாகக் காற்றை உள்ளே அனுப்பும் பெரிய கூலர்கள் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வந்தன. கோடையில் அயர்ன் வேலை காலை ஆறு மணிக்கே தொடங்கும் என்றும் ஆக்கினார்கள். இது என் யோசனை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பெண்களுக்கு இது பெரிய இடைஞ்சல் என்று மதினி சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் இப்போது நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். அடுத்த மே மாதம் அதே மதிய நேரத்தில் போய் அளந்து பார்த்தேன். முப்பத்துமூன்று இருந்தது. பாய் இரண்டும் இன்னும் அங்கேதான் இருந்தன, சுருட்டி வைத்திருந்தார்கள். மதினியின் பேச்சைக் கேட்டு நின்ற இருவரில் ஒருத்தி அதற்கு முன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

சான்றிதழ் கொடுப்பவர்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். என் அறிக்கையில் இருந்த எண்ணை, நிஜத்தில் உள்ள வெப்பமாகச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள், அந்த ஹாலில் கருவியே கிடையாது என்று நடந்ததை எல்லாம் எழுதினேன். சான்றிதழ் நின்றுபோகும், என்னையும் விசாரிப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். இரண்டு வரியில் பதில் வந்தது. கணக்கிட்ட முறை விதிப்படி சரியாக இருக்கிறது, மாற்றம் தேவையில்லை. சான்றிதழும் அதே தரத்தில் வந்து சேர்ந்தது. அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு, அன்றைக்கு ஹாலில் தாளைப் பார்த்து நின்ற மாதிரியே நின்றேன். பேஸ்லைனுக்கான கட்டத்தை நான் சரியாகத்தான் எடுத்திருந்தேன். எங்கேயும் ஒரு தப்பும் இல்லை.

இப்போதும் இதே வேலையைத்தான் செய்கிறேன். விதிப்படி அறிக்கை தயாரித்த பிறகு, கருவி இல்லாத அறைகள் எவை, அவற்றில் நிஜத்தில் எவ்வளவு சூடு இருக்கும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி முதலில் வைக்கிறேன். போன மாதம் திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரி விடுதிக்கு அப்படி எழுதி அனுப்பினேன். சமையல் கூடத்தைப் பற்றி. இதை உங்களிடம் யார் கேட்டது என்று அதன் கட்டட வடிவமைப்பாளர் போனில் கேட்டார். யாரும் கேட்கவில்லை சார் என்றேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். இன்னும் பதில் வரவில்லை. கூரை போடுவதற்குள் மறுபடி ஒரு தடவை பேசிப் பார்க்க வேண்டும்.